சட்டியில் இல்லாத ஆம்பியர்

நடுத்தர மின்னழுத்தப் பேனல் ஒன்றில் மூன்று ஃபேஸ்களையும் செப்புப் பட்டை வைத்து நேராக இணைத்துவிட்டால் 1,000 ஆம்பியர் பாயும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் பட்டைகள் ஒன்றையொன்று தொடாமல், இடையில் உள்ள காற்று உடைந்து, தீப்பிழம்பாக, அதாவது ஆர்க்காக, மின்சாரம் தாவினால் எவ்வளவு பாயும்? ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் அமைப்பு 2002-இல் வெளியிட்ட 1584-ஆம் எண் வழிகாட்டியின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் 1,009 ஆம்பியர் என்று வரும். 700 ஆம்பியரைப் போட்டால் 711. நடுவில் காற்று இடைவெளி என்னும் தடையைச் சேர்த்த பிறகு மின்னோட்டம் கூடுகிறது! சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

சூத்திரம் எளிது. கிலோ ஆம்பியரில் உள்ள எண்ணின் மடக்கையை 0.983-ஆல் பெருக்கி 0.00402-ஐக் கூட்ட வேண்டும். கிடைப்பது ஆர்க் மின்னோட்டத்தின் மடக்கை. ஏறத்தாழ 1,724 ஆம்பியருக்குக் கீழே எந்த எண்ணைக் கொடுத்தாலும் விடை, கொடுத்ததைவிடப் பெரிதாகவே வரும். அந்த வழிகாட்டி தனக்கென வகுத்துக்கொண்ட எல்லையோ 700 ஆம்பியரிலிருந்து 1,06,000 ஆம்பியர் வரை. ஆகவே இது எல்லைக்கு வெளியே போய் மாட்டிக்கொண்டவரின் பிழையல்ல. உள்ளேயே இருக்கும் ஓட்டை. சோதனைக்கூடத்தில் கிடைத்த புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோட்டை இழுத்திருக்கிறார்கள். கோட்டுக்கு இயற்பியல் தெரியாது.

ஆர்க் மின்னோட்டக் கணக்கில் இப்படி எதிர்பாராத விடைகள் பல உண்டு. எல்லாமே சூத்திரத்தின் கோளாறு என்று தள்ளிவிடவும் முடியாது. சில விடைகள் விசித்திரமாகத் தோன்றினாலும் உண்மை. சில ஒழுங்காகத் தோன்றினாலும் பொய். இந்த இரண்டையும் பிரிப்பதில்தான் பேனல் முன் நிற்பவரின் உயிர் இருக்கிறது.

ஃபால்ட் கணக்கு என்றதும் நம் பொறியாளர்களுக்குக் கல்லூரியிலிருந்தே ஒரு பழக்கம்: உச்சத்தைக் கண்டுபிடி. பிரேக்கர் 25 கிலோ ஆம்பியரைத் துண்டிக்கக் கூடியதா, 50 கிலோ ஆம்பியரா, பஸ்பார் எவ்வளவு விசையைத் தாங்கும் என்று தீர்மானிக்க உச்ச எண்தான் வேண்டும். பட்டைகளைப் போல்ட் போட்டு இறுக்கியது போன்ற நேரடி இணைப்பைக் கற்பனை செய்வதால் அதற்கு ‘போல்ட்டட் ஃபால்ட்’ என்று பெயர். அந்தக் கணக்கில் எண் கொஞ்சம் கூடிப்போனால் பெரிய பிரேக்கர் வாங்குவோம், பணம்தான் போகும். ஆர்க் கணக்குக்கு இந்தப் பழக்கம் பொருந்தாது. ஆனாலும் அதே பழக்கத்தோடுதான் அதற்குள் நுழைகிறோம்.

முதலில் ஆர்க்கின் சுபாவம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தெருவிளக்குகளில் கார்பன் குச்சிகளுக்கு இடையே எரிந்த ஆர்க்கை விடாமல் அளந்தவர் ஹெர்த்தா அயர்ட்டன். அவருடைய ‘தி எலெக்ட்ரிக் ஆர்க்’ 1902-இல் வந்தது. அதே ஆண்டு ராயல் சொசைட்டியின் ஃபெல்லோவாக அவர் பெயர் முன்மொழியப்பட்டு, மணமான பெண் என்பதால் நிராகரிக்கப்பட்டது. 1906-இல் அதே சொசைட்டி ஹியூஸ் பதக்கத்தைக் கொடுத்தது. அவர் எழுதிக் காட்டிய உண்மை இதுதான்: மின்னோட்டம் கூடக்கூட ஆர்க்கின் மின்னழுத்தம் குறைகிறது. ஓம் விதியைப் படித்துவிட்டு வருபவருக்கு இதுவே முதல் அதிர்ச்சி. ஆர்க்குக்கு இத்தனை ஓம் என்று நிலையான தடை கிடையாது. நிறையப் பாய்ந்தால் அது சூடேறிப் பருத்து, இன்னும் எளிதாக வழிவிடும்.

ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும் பெரிய ஆர்க்குகளில் இந்தச் சரிவு நின்றுபோய், மின்னழுத்தம் மிக மெதுவாக ஏறத் தொடங்கும். ஸ்டோக்ஸ், ஓப்பன்லாண்டர் என்ற இருவர் 1991-இல் திறந்தவெளி ஆர்க்குகளுக்குத் தந்த சூத்திரப்படி, 25 மில்லிமீட்டர் இடைவெளியில் 1,000 ஆம்பியர் பாய்ந்தால் ஆர்க்கின் மின்னழுத்தம் சுமார் 76 வோல்ட். 14,600 ஆம்பியர் பாய்ந்தால் சுமார் 105 வோல்ட். ஓட்டம் பதினைந்து மடங்கை நெருங்கியும் மின்னழுத்தம் ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை. தடையாகக் கணக்கிட்டால் 76 மில்லி ஓமிலிருந்து 7 மில்லி ஓமுக்கு இறங்கிவிடுகிறது. தொலைவு ரிலேக்களுக்காக வாரிங்டன் 1931-இல் கொடுத்த சூத்திரத்திலும் ஆர்க்கின் தடை, மின்னோட்டத்தின் 1.4 அடுக்குக்கு எதிர்விகிதத்தில்தான் குறைகிறது. ஆகவே ஆர்க்குக்கு ஒரு தடை எண்ணை முதலிலேயே எடுத்துக்கொண்டு மின்னோட்டத்தைத் தேடினால் விடை தவறும். இரண்டையும் சேர்த்தே, திரும்பத் திரும்பப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்குள் போகாமலேயே 1982-இல் ரால்ஃப் லீ ஒரு குறுக்குவழி கண்டார். மின்சாரம் என்றால் ஷாக் மட்டும்தான் என்றிருந்த காலத்தில், தொடாமலேயே எரித்துக் கொல்லும் இன்னோர் ஆபத்து உண்டு என்று எண்ணோடு சொன்ன கட்டுரை அவருடையது. அவர் எடுத்த அனுமானம்: ஆர்க் தன்னால் முடிந்த அதிகபட்சத் திறனை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது ஆர்க்கின் தடையும் மூலத்தின் எதிர்வினைப்பும் (ரியாக்டன்ஸ்) சமம். மின்னோட்டம் போல்ட்டட் அளவில் 70.7 விழுக்காடு, ஆர்க்கின் மின்னழுத்தமும் அமைப்பின் மின்னழுத்தத்தில் 70.7 விழுக்காடு. முன்னோடி வேலை, சந்தேகமில்லை. ஆனால் மின்னழுத்தம் ஏற ஏற அந்த அனுமானம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு விநியோக வலையில் 11 கிலோவோல்ட்டோடு 22 கிலோவோல்ட்டும் உண்டு. 1584 வழிகாட்டியின் சோதனை எல்லை 15 கிலோவோல்ட்டோடு முடிகிறது. எனவே 22 கிலோவோல்ட் பேனலுக்குக் கணக்குப் போடுபவர் பெரும்பாலும் லீயின் சூத்திரத்துக்கே திரும்புகிறார். 10 கிலோ ஆம்பியர், அரை விநாடி, 910 மில்லிமீட்டர் தொலைவு என்று போட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 68 கலோரி வரும். தோலில் இரண்டாம் நிலைத் தீப்புண் உண்டாக 1.2 கலோரி போதும். சந்தையில் பரவலாக உள்ள கனத்த பாதுகாப்பு உடை 40 கலோரிக்கானது. அப்படியானால் அந்தப் பேனலை நெருங்கவே முடியாது. இப்போது அந்த 68-இன் அடியில் உள்ளதைத் தோண்டுங்கள். ஃபேஸுக்கு 12.7 கிலோவோல்ட்டில் 70.7 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 9,000 வோல்ட், ஆர்க்கின் மேல் விழுகிறது என்று சூத்திரம் நினைக்கிறது. 152 மில்லிமீட்டர் இடைவெளியில் 10 கிலோ ஆம்பியர் பாயும் ஆர்க், ஸ்டோக்ஸ் சூத்திரப்படி சுமார் 300 வோல்ட்தான் எடுத்துக்கொள்ளும். ஆர்க் நீண்டு வளைந்து இரண்டு மூன்று மடங்கு ஆனாலும் 9,000-க்குப் பக்கத்தில் வராது. இது பாதுகாப்பான பக்கத்து மிகை என்று சமாதானம் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். நம்ப முடியாத எண்ணை ஒட்டிய பேனலை மின்பணியாளர் ஒருமுறை பார்ப்பார், இரண்டாம் முறை சிரிப்பார், மூன்றாம் முறை சரியான எண் ஒட்டிய பேனலையும் நம்பமாட்டார்.

தாழ்வழுத்தத்தில் நிலைமை தலைகீழ். அங்கே ஆர்க்கின் நூறு வோல்ட், அமைப்பின் 240 வோல்ட்டோடு நேருக்கு நேர் மோதுகிறது. அதனால் மின்னோட்டம் கணிசமாகச் சரியும், சில இடங்களில் ஆர்க் தானே அணையும். 1960-இல் காஃப்மன், பேஜ் இருவரும் வெளியிட்ட விகிதங்கள் பின்னர் பல கையேடுகளில் ஏறின. 480 வோல்ட் அமைப்பில் மூன்று ஃபேஸ் ஆர்க் என்றால் போல்ட்டட் அளவில் 0.89 பங்கு, இரண்டு ஃபேஸுக்கு இடையே என்றால் 0.74, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே என்றால் 0.38. 208 வோல்ட்டில் இவையே 0.12, 0.02, பூஜ்யம் என்று விழுகின்றன. அந்த 0.38 சாதாரண எண் அல்ல. பெரிய பிரேக்கர் அதை வழக்கமான சுமை என்று நினைத்துச் சும்மா இருக்க, எர்த் ஆர்க் பேனலையே உருக்கிவிடும். அமெரிக்காவில் இப்படிப் பல பேனல்கள் எரிந்த பிறகுதான், 1971-இன் தேசிய மின்விதித் தொகுப்பு 480 வோல்ட்டில் 1,000 ஆம்பியரும் அதற்கு மேலும் உள்ள இணைப்புகளுக்குத் தனி எர்த் ஃபால்ட் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது.

208 வோல்ட்டின் பூஜ்யம் வேறு விதமான தீங்கு செய்தது. தாழ்ந்த மின்னழுத்தத்தில் ஆர்க் நிலைக்காது என்ற நம்பிக்கை அதிலிருந்து வேர்விட்டது. 240 வோல்ட்டுக்குக் கீழே, 125 கே.வி.ஏ.-வுக்குச் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் என்றால் கணக்கே வேண்டாம் என்று 2002 வழிகாட்டி விலக்குக் கொடுத்தது. பின்னர் செப்புக் கட்டைகளின் நுனிக்கு எதிரே மின்காப்புப் பலகை வைத்துச் சோதித்தபோது, அதே 208 வோல்ட்டில் ஆர்க் நின்று எரிந்தது. பேனலுக்குள் கட்டையின் நுனி பிரேக்கரின் பிளாஸ்டிக் உடலில் முட்டித்தானே நிற்கிறது. பழைய சோதனைகளில் அந்தப் பலகைதான் இல்லை. 2018 பதிப்பு விலக்கை இறுக்கியது: 240 வோல்ட்டும் அதற்குக் கீழும், 2,000 ஆம்பியருக்குக் குறைவாகவும் இருந்தால் ஆர்க் நிலைப்பது ‘சாத்தியம், ஆனால் வாய்ப்புக் குறைவு’.

இப்போது நம் ஊரில் எங்கும் காணும் பேனல் ஒன்றுக்கு வருவோம். 415 வோல்ட், போல்ட்டட் ஃபால்ட் 30 கிலோ ஆம்பியர், கட்டைகளுக்கு இடையே 25 மில்லிமீட்டர். ஆர்க் மின்னோட்டம் எவ்வளவு? லீயின் வழியில் 21.2 கிலோ ஆம்பியர். ஸ்டோக்ஸ் சூத்திரத்தை ஒரு ஃபேஸுக்குப் பொருத்தி, மூலத்தை வெறும் எதிர்வினைப்பாக எடுத்துக்கொண்டு கரட்டுக் கணக்காகப் போட்டால் 26.4. 2002 வழிகாட்டியின் பெட்டிச் சூத்திரத்தில் 14.6. 2018 வழிகாட்டியில் கட்டைகள் செங்குத்தாக நிற்கும் பெட்டி என்று எடுத்தால் 20.5. ஒரே பேனல், நான்கு விடைகள். சிறியதற்கும் பெரியதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மடங்கு. லீயின் விடை 2018-க்கு அருகில் வந்திருப்பது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. மின்னழுத்தத்தை மாற்றினால் நெருக்கம் போய்விடும்.

ஏன் இத்தனை வேறுபாடு? ஆர்க் இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒழுங்காக உட்கார்ந்திருப்பதில்லை. காந்த விசை அதை மூலத்திலிருந்து விலக்கித் தள்ளும். செங்குத்துக் கட்டைகளில் நுனிக்கு ஓடி அங்கிருந்து வளைந்து நீளும். நீண்டால் மின்னழுத்தம் ஏறி மின்னோட்டம் குறையும். நுனியில் பலகை தடுத்தால் நீள முடியாமல் சுருங்கி, மின்னோட்டம் கூடும். கட்டைகள் கிடைமட்டமாக ஆளை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் பிழம்பு நேரே ஆள்மீது பாயும். 2002 வழிகாட்டி சுமார் 300 சோதனைகளின் மேல் நின்றது. அதில் திறந்தவெளி, பெட்டி என்ற பாகுபாடு மட்டுமே உண்டு. 1,800-க்கும் மேற்பட்ட சோதனைகளோடு வந்த 2018 பதிப்பு கட்டைகளின் அமைப்பை ஐந்தாகப் பிரித்தது. அதன் சூத்திரம் நீளமானது. ஆறாம் அடுக்குவரை போகும் பல்லுறுப்புக் கோவைகள். எல்லைக்குள் நன்றாகப் பொருந்தும் இத்தகைய கோவைகள், எல்லையைத் தாண்டியதும் எந்தத் திசையில் ஓடும் என்று சொல்ல முடியாது. மென்பொருளோ எல்லையைத் தாண்டினாலும் நான்கு தசம இடத்துக்கு விடையை அச்சடித்து நீட்டும்.

14.6-ஆ, 20.5-ஆ என்பது ஏட்டுச் சண்டை அல்ல. பிரேக்கரின் உடனடி ட்ரிப் 18 கிலோ ஆம்பியரில் வைக்கப்பட்டிருந்தால், ஒரு பதிப்பின்படி அது உடனே விழும். இன்னொன்றின்படி தாமதித்தே விழும். இங்கேதான் ஆர்க் கணக்கின் மிகப்பெரிய வியப்பு இருக்கிறது. மற்றவற்றை வேகமாகக் கடந்துபோனாலும் இதைக் கடக்கக் கூடாது.

தீப்புண்ணின் அளவை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன: எவ்வளவு பாய்ந்தது, எவ்வளவு நேரம் பாய்ந்தது. இரண்டாவது எண் முதல் எண்ணின் அடிமை. பிரேக்கர், ரிலே, ஃபியூஸ் எல்லாமே பெரிய ஓட்டத்தைக் கண்டால் விரைந்தும், சிறிய ஓட்டத்தைக் கண்டால் நிதானித்தும் செயல்படுபவை. அதே 415 வோல்ட் பேனலில் உடனடி ட்ரிப்பை 8 கிலோ ஆம்பியரில் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். மூலம் 30 கிலோ ஆம்பியர் தரும்போது, 2002 சூத்திரப்படி 14.6 கிலோ ஆம்பியர் ஆர்க்; பிரேக்கர் 0.05 விநாடியில் துண்டிக்கிறது. 455 மில்லிமீட்டர் தள்ளி நிற்பவர்மீது விழுவது சதுர சென்டிமீட்டருக்கு 2.5 கலோரி. மூலம் நலிந்து 10 கிலோ ஆம்பியர் மட்டுமே தருகிறது என்றால் ஆர்க் 5.9 கிலோ ஆம்பியர். எட்டுக்குக் கீழே! உடனடி ட்ரிப் அதைக் காணாது. தாமத ட்ரிப் ஒரு விநாடி எடுத்துக்கொள்கிறது என்றால் விழுவது 19 கலோரி. மூலம் மூன்றில் ஒரு பங்காகியது. தீப்புண் ஏழரை மடங்காகியது. போல்ட்டட் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் 10 என்பது 8-ஐவிடப் பெரியது, பிரேக்கர் உடனே விழும் என்று கையெழுத்துப் போட்டிருப்போம்.

வரைபடமாகப் போட்டால் இது வழுக்குச் சரிவு அல்ல, மலைமுகடு. ஒரு ஆம்பியர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் நேரம் இருபது மடங்கு தாவுகிறது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃபியூஸிலும் இதே கதை: வாசலுக்கு மேலே அரைச் சுழற்சிக்குள் உருகிவிடும், வாசலுக்குக் கீழே விநாடிக் கணக்கில் யோசிக்கும். அதனால்தான் 2002 வழிகாட்டி, தாழ்வழுத்தத்தில் கிடைத்த ஆர்க் மின்னோட்டத்தை 85 விழுக்காடாகக் குறைத்து இன்னொரு முறையும் கணக்குப் போட்டு, இரண்டில் மோசமானதை எடுத்துக்கொள்ளச் சொன்னது. 2018-இல் அந்த 85-க்குப் பதில் மின்னழுத்தத்தோடு மாறும் குறைப்பு வந்தது. குறைத்துப் போட்டபின் ஆபத்து கூடுகிறதே என்று முதல்முறை பார்ப்பவர் மென்பொருளைச் சந்தேகிப்பார். சந்தேகிக்க வேண்டாம், அந்த விடை உண்மை.

இந்த மலைமுகட்டில் நம் தொழிற்சாலைகள் நாள்தோறும் ஏறி இறங்குகின்றன. கரண்ட் போனதும் டி.ஜி. செட் ஓடுகிறதல்லவா? 500 கே.வி.ஏ. ஜெனரேட்டரின் முழுச்சுமை மின்னோட்டம் சுமார் 700 ஆம்பியர். ஃபால்ட் வந்த முதல் சில சுழற்சிகளுக்கு அது ஐந்து கிலோ ஆம்பியர் அளவில் தரும்; பிறகு தேய்ந்து, தனித் தூண்டல் ஏற்பாடு இருந்தால் முழுச்சுமையின் மூன்று மடங்கு அளவில் நிற்கும்; அது இல்லையென்றால் இன்னும் சரியும். டிரான்ஸ்ஃபார்மரின் 30 கிலோ ஆம்பியருக்காக அளந்து வைத்த பிரேக்கருக்கு இந்த ஆர்க் கண்ணிலேயே படாது. ஈ.பி. சப்ளையில் 2 கலோரி என்று ஒட்டியிருக்கும் பேனல், டி.ஜி. சப்ளையில் வேறு பேனல். இரண்டுக்கும் ஒரே ஸ்டிக்கர்.

நீண்ட கேபிளின் கடைசியில் உள்ள சிறு பேனலுக்கும் இது பொருந்தும். பிரதான அறையில் முழு உடை போட்டுக்கொண்டு வேலை செய்பவர், ஷெட்டின் மூலையில் உள்ள சின்னப் பெட்டியைச் சட்டைக் கையை மடித்துவிட்டுத் திறக்கிறார். கேபிளின் தடை மின்னோட்டத்தைக் குறைத்து, நேரத்தை நீட்டி வைத்திருப்பது அவருக்குத் தெரியாது. எவ்வளவு நேரத்தைக் கணக்கில் எடுப்பது என்பதற்கும் ஒரு வழக்கம் உண்டு: தடையின்றி ஓட வழியிருந்தால் இரண்டு விநாடிக்குள் ஆள் விலகிவிடுவார் என்று கொள்கிறார்கள். கேபிள் டிரெஞ்சுக்கு மேலே, சுவருக்கும் பேனலுக்கும் நடுவே ஒடுங்கி நிற்பவருக்கு அந்த இரண்டு விநாடிச் சலுகை கிடையாது.

சூரியப் பலகைகளின் நேர்மின்சாரத்தில் பிரேக்கர் என்ற எண்ணமே தடுமாறுகிறது. பலகையின் குறுக்குச்சுற்று மின்னோட்டம், அது வழக்கமாகத் தரும் மின்னோட்டத்தைவிடச் சற்றே அதிகம். ஃபியூஸுக்கு இரண்டும் ஒன்றுதான். தளர்ந்த இணைப்பில் தொடர் ஆர்க் எழுந்தால் மின்னோட்டம் கூடுவதற்குப் பதில் குறையும். வீட்டு வயரிங்கிலும் அப்படியே: தளர்ந்த திருகில் எரியும் ஆர்க்கின் ஓட்டம் சுமையைவிட அதிகமாக முடியாது என்பதால் எம்.சி.பி. அதை அறியாது. ஆம்பியரை அளந்து இதைப் பிடிக்க முடியாது; அலையின் கிழிசலைக் கேட்டுப் பிடிக்கும் கருவி வேண்டும். அமெரிக்க விதித்தொகுப்பு படுக்கையறைகளுக்கு 1999 பதிப்பிலும், கூரைச் சூரிய அமைப்புகளுக்கு 2011 பதிப்பிலும் அதைக் கொண்டுவந்தது.

ஆக, எதிர்பாராத விடை வரும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது ஆர்க் செய்ததா, ரிலே செய்ததா, சூத்திரம் செய்ததா? ஆர்க் மின்னோட்டம் போல்ட்டட்டைத் தாண்டினால் அது சூத்திரத்தின் வேலை. போல்ட்டட் அளவையே உச்சமாக வைத்துவிட்டு மேலே போகலாம். 22 கிலோவோல்ட்டில் மலைபோல் எண் வந்தால் அதுவும் சூத்திரம்தான். 480 வோல்ட் எர்த் ஃபால்ட்டில் மின்னோட்டம் பாதிக்கும் கீழே போனால் அது ஆர்க்கின் சுபாவம், நம்புங்கள். சிறிய மின்னோட்டம் பெரிய தீப்புண்ணைக் காட்டினால் அது ரிலேயின் நேரம். கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள். இவற்றில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் கடைசி வகை. அதைத்தான் நாம் ‘உச்சத்தைக் கண்டுபிடித்தாயிற்று’ என்று கோப்பை மூடும்போது தவறவிடுகிறோம்.

மின்வாரியத்துக்கு எழுதும் கடிதத்தில் அதிகபட்ச ஃபால்ட் லெவலை மட்டும் கேட்கிறோம். குறைந்தபட்சத்தையும் கேளுங்கள். டி.ஜி. ஓடும்போது என்ன, இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களில் ஒன்று நிற்கும்போது என்ன என்று தனித்தனியே போட்டு, வருகிற விடைகளில் மோசமானதைப் பேனலில் ஒட்டுங்கள். உடனடி ட்ரிப்பின் எண், அந்தக் குறைந்தபட்ச ஆர்க் மின்னோட்டத்துக்குக் கீழே இருக்கிறதா என்று நாளைக்கே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் இறக்கிவிடுங்கள்; பல பேனல்களில் அதற்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஐந்து நிமிட ஷட்டவுனும் போதும்.